முழங்கால் நோகிறது என்று உம்மாவை உட்கார வைத்துவிடாதீர்கள்

போன ரமழானில் எமது ஊரில் பெண்கள் தராவீஹ் தொழும் இடத்தில் ஓர் இரவு கதிரைகளை எண்ணிப் பார்த்தேன். 17 இருந்தன. நான் சிறுபிள்ளையாக உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த காலத்தில் அங்கே ஒரு கதிரைகூட இருந்த ஞாபகம் இல்லை. வயதான மூத்தம்மாமார் மெல்ல மெல்லக் குனிந்து, ஒரு கையை ஊன்றி, "யா அல்லாஹ்" என்று எழும்பி நின்றது ஞாபகம் இருக்கிறது. இப்போது அந்த 17 கதிரைகளில் இருந்தவர்களில் சிலர் என்னைவிட நான்கைந்து வயதே மூத்தவர்கள். எனக்கு வயது 46.

கதிரையில் தொழுவது கூடுமா, கூடாதா என்று பேச நான் வரவில்லை. அது உலமாக்களின் விடயம். இயலாதவருக்கு மார்க்கம் இலகுவைத் தந்திருக்கிறது. அதை எடுத்துக்கொள்பவர் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. நான் பேச வந்தது கதிரைக்கு முன்னால் நடக்கும் ஒன்றைப் பற்றி. முழங்கால் நோகத் தொடங்கிய நாளிலிருந்து கதிரையில் அமரும் நாள்வரை அந்தக் காலுக்கு நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலான வீடுகளில் பதில் ஒன்றுதான். ஒன்றும் செய்வதில்லை. ஓய்வு கொடுக்கிறோம். அந்த ஓய்வுதான் காலை முடமாக்குகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. என் உம்மாவை அப்படி ஆக்கியவர்களில் நானும் ஒருத்தி.

உம்மாவுக்கு இப்போது வயது 72. நான்கு வருடங்களுக்கு முன் வலது முழங்கால் நோகிறது என்றார். நாங்கள் நல்ல பிள்ளைகள் அல்லவா, உடனே முற்றம் கூட்டுவதை நிறுத்தினோம். பிறகு குசினி. பிறகு கடைக்குப் போவது. தம்பி நல்ல மெத்தை வைத்த கதிரை ஒன்று வாங்கி வந்தான். தேத்தண்ணீர் கைக்கு வரும், சோறு கைக்கு வரும், போன் கைக்கு வரும். உம்மா எழும்பினால் "இருங்க உம்மா, நான் எடுத்துத் தாறன்" என்று நாலு திசையிலிருந்தும் குரல் வரும். இதைத்தான் உம்மாவுக்குச் செய்யும் கிட்மத் என்று நினைத்தோம். ஊரிலும் எங்களைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசினார்கள்.

இரண்டு வருடம் கழிந்தது. ஒருநாள் ஸுஹ்ருக்குப் பிறகு உம்மா மலசலகூடத்துக்குப் போனவர் வரவில்லை. கொமட்டில் இருந்து எழும்ப முடியாமல் அரை மணித்தியாலம் அங்கேயே இருந்திருக்கிறார். கூப்பிடவும் வெட்கம். நான் பாடசாலையால் வந்து கதவைத் தட்டியபோதுதான் தெரியவந்தது. தூக்கி எழுப்பினேன். அன்று உம்மா அழுதது நோவினால் அல்ல.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியில் இயன் மருத்துவப் பிரிவுக்குப் போனோம். அதுவரை எக்ஸ்ரே, குளிசை, எண்ணெய், முழங்கால் உறை என்று நான்கு இடம் சுற்றியிருந்தோம். ஓரிடத்தில் "தேய்ஞ்சி போச்சி, இனி கால ஆட்டாம வெச்சிக்கோங்க" என்றே சொன்னார்கள். பிசியோதெரபி செய்யும் அந்தப் பிள்ளைக்கு என் மாணவிகளின் வயது இருக்கும். "உம்மா வீட்டில என்ன வேலை செய்வாங்க?" என்று கேட்டார். நான் பெருமையோடு சொன்னேன், "ஒரு வேலையும் செய்ய விடுறல்ல." அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "டீச்சர், முழங்காலை விட அதுதான் பெரிய வருத்தம்" என்றார்.

நான் வைத்தியர் அல்ல, விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை. ஆனாலும் அன்றிலிருந்து தேடிப் படித்ததும், உம்மாவோடு செய்து பார்த்ததும் எம்மவர் பலருக்கும் உதவும் என்று நினைத்தே எழுதுகிறேன்.

முழங்கால் என்பது தொடை எலும்பும் கணைக்கால் எலும்பும் சந்திக்கும் இடம். முன்னால் சிரட்டை. எலும்புகளின் முனைகளில் வழுவழுப்பான கசியிழையம் ஒரு போர்வைபோல் மூடியிருக்கிறது. வயதாகும்போது இந்தப் போர்வை மெலிந்து, கரடுமுரடாகி, பக்கத்து எலும்பும் மாற்றமடைவதைத்தான் தேய்மானம் என்கிறோம். இந்தச் சொல்தான் எம்மைப் பயமுறுத்துகிறது. மோட்டார் சைக்கிள் டயர்போல், ஓட ஓடத் தேயும், நிறுத்தி வைத்தால் மிஞ்சும் என்று நினைத்துக்கொள்கிறோம். முழங்கால் டயர் அல்ல. கசியிழையத்துக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குப் போசணை கிடைக்கிறது. பஞ்சை அழுத்தி விடுவதுபோல், காலில் பாரம் விழுவதும் நீங்குவதுமாக இருக்கும்போதுதான் அந்தத் திரவம் உள்ளே போய் வருகிறது. அசையாத மூட்டுக்கு அது ஒழுங்காகக் கிடைப்பதில்லை.

இன்னொன்று, கசியிழையத்துக்கு நரம்பும் கிடையாது. எனவே நோவு அங்கிருந்து வருவதில்லை. அதன் கீழிருக்கும் எலும்பு, மூட்டை மூடியிருக்கும் மென்சவ்வு, சுற்றியுள்ள தசைநார்கள் ஆகியவற்றிலிருந்தே வருகிறது. எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் முழங்காலோடு வயல் வேலை செய்பவர்களும் உண்டு. எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் இல்லாமல் நடக்க இயலாதவர்களும் உண்டு. படத்தைப் பார்த்துவிட்டு "முடிஞ்சிது" என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்பட வேண்டாம்.

இனித் தசைக்கு வருவோம், கதையே அங்கேதான் இருக்கிறது. தொடையின் முன்பக்கத்தில் நான்கு பகுதிகளைக் கொண்ட பெரிய தசை ஒன்று இருக்கிறது. முழங்காலை நீட்டுவது அதுதான். கதிரையிலிருந்து எழும்பும்போதும், படி ஏறும்போதும், இறங்கும்போது உடம்பைத் தாங்கிப் பிடிக்கும்போதும் அதுதான் உழைக்கிறது. காலடி விழும் அதிர்ச்சியின் ஒரு பகுதியை அது தாங்கிக்கொள்வதால் மூட்டுக்கு வேலை குறைகிறது. இந்தத் தசை மெலிந்தால் மூட்டு நோகும். மூட்டு நோவதால் காலைப் பாவிக்க மாட்டோம். பாவிக்காத தசை இன்னும் மெலியும். போதாததற்கு, முழங்கால் வீங்கினால் நரம்பு மண்டலமே அந்தத் தசையின் வேலையைக் குறைத்துவிடுகிறது. "கால் திடீரென்று மடங்கி விழப்பார்த்தேன்" என்று வயதானவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சுற்றை எங்காவது ஓரிடத்தில் வெட்டத்தான் வேண்டும். தேய்ந்த கசியிழையத்தைத் திரும்பக் கொண்டுவர வீட்டில் வழியில்லை. தசையைத் திரும்பக் கொண்டுவர வழி இருக்கிறது, எந்த வயதிலும் இருக்கிறது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் நடந்த ஓர் ஆய்வு 1990 ஆம் ஆண்டு வெளியானது. பங்கெடுத்தவர்களின் சராசரி வயது 90. பலவீனமானவர்கள். அவர்களுக்கு எட்டு வாரங்கள் காலுக்குப் பாரம் கொடுத்துப் பயிற்சி அளித்தார்கள். முழுமையாகச் செய்து முடித்த 9 பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இதைப் படித்த இரவு நான் உம்மாவிடம் சொன்னேன். "அவங்க வெள்ளக்காரங்க புள்ள, வேற சாப்பாடு" என்றார். தசைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டலில், மூட்டுத் தேய்மானம் உள்ள எல்லோருக்கும் தசைப் பயிற்சியை முதல் வரிசைச் சிகிச்சையாகச் சொல்லியிருக்கிறார்கள். எம்மவர் வருடக்கணக்கில் வாங்கி விழுங்கும் குளுக்கோசமைனைக் கொடுக்க வேண்டாம் என்றும், பரசிட்டமோலை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றும் அதே வழிகாட்டல் சொல்கிறது. டென்மார்க்கில் 2013 இல் தொடங்கிய கிளாட் என்ற திட்டத்தில் முழங்கால் நோவுள்ளவர்களை ஆறு வாரங்களில் 12 தடவை கூட்டிப் பயிற்சி கொடுக்கிறார்கள். கனடாவும் அவுஸ்திரேலியாவும் அதை எடுத்துக்கொண்டிருக்கின்றன. அங்கே செய்விக்கும் பயிற்சிகளைப் பார்த்தால், கதிரையும் படியும் சுவரும்தான் கருவி. எங்கள் வீட்டில் இல்லாதது ஒன்றுமில்லை.

"நோகுதே, எப்படிச் செய்வது?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. உம்மாவும் முதல் நாளே கேட்டார். இதற்கு அந்தப் பிசியோதெரபிப் பிள்ளை சொல்லித்தந்த கணக்கு இலகுவானது. நோவுக்குப் பத்துக்குள் புள்ளி போடுங்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் பூச்சியம், தாங்கவே முடியாவிட்டால் 10. பயிற்சி செய்யும்போது இரண்டு வரை இருந்தால் பயமில்லை. ஐந்து வரை பொறுத்துக்கொள்ளலாம். ஐந்தைத் தாண்டினால் எண்ணிக்கையைக் குறையுங்கள், அல்லது கதிரையின் உயரத்தைக் கூட்டுங்கள். அடுத்த நாள் காலையில் நோவு வழமையான அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பாவிட்டால், அல்லது முழங்கால் வீங்கியிருந்தால், நேற்றுச் செய்தது அதிகம் என்று அர்த்தம். கால் கெட்டுவிட்டது என்று அர்த்தமல்ல. ஒருநாள் விட்டு, பாதியிலிருந்து தொடங்குங்கள். முதல் இரண்டு வாரங்கள் நோவு சற்றுக் கூடுவது வழமை. பெரும்பாலானவர்கள் கைவிடுவதும் அந்த இரண்டு வாரங்களில்தான்.

எழும்ப முடியாத நிலையில் இருப்பவர் கட்டிலில் இருந்தே ஆரம்பிக்கலாம். காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே ஒரு துவாயைச் சுருட்டி வைத்து, அதை நசுக்குவதுபோல் முழங்காலைக் கீழே அழுத்துங்கள். தொடை இறுகுவது கைக்குத் தெரியும். மனதுக்குள் ஐந்துவரை எண்ணி விடுங்கள். பத்துத் தடவை. மூச்சை அடக்க வேண்டாம். பிரஷர் உள்ளவர்கள் இதில் கவனம். உம்மாவின் வலது தொடையில் முதல் நாள் நான் கையை வைத்துப் பார்த்தபோது ஒரு அசைவும் இல்லை. நாலாவது நாள்தான் மெல்ல இறுகியது. தசை செத்துப் போகவில்லை, மறந்து போயிருந்தது.

அது சரிவந்த பிறகு, மல்லாந்து படுத்து ஒரு காலை மடித்து வைத்துக்கொண்டு மற்றக் காலை நேராக ஓர் அடி உயரத்துக்குத் தூக்கி இறக்கலாம். கதிரையில் இருந்துகொண்டு ஒரு காலை நேராக நீட்டி ஐந்து வினாடி பிடிக்கலாம். இது டீவி பார்த்துக்கொண்டும் செய்யக்கூடியது. இலகுவாகிவிட்டால் ஒரு துணிப்பையில் அரைக் கிலோ பருப்போ அரிசியோ போட்டுக் கணுக்காலில் கட்டிக்கொள்ளுங்கள், பிறகு முக்கால் கிலோ, பிறகு ஒரு கிலோ. பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால்தான் தசை வளரும்; ஒரே அளவில் மாதக்கணக்கில் செய்வதில் பெரிய பலன் இல்லை. பாரம் கட்டிச் செய்வது வாரத்தில் மூன்று நாள் போதும். இடையில் ஒருநாள் தசைக்கு ஓய்வு வேண்டும். இங்கேதான் ஓய்வுக்கு இடம், வருடக்கணக்கில் கதிரையில் அல்ல.

இவை எல்லாவற்றையும்விட ஒரு பயிற்சியைத்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். கதிரையிலிருந்து எழும்பி உட்காருவது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் வாழ்க்கையில் நமக்குத் தேவையான பலமே இதுதானே. மலசலகூடம், பஸ் சீட், கட்டில், எல்லாம் இதுதான்.

கதிரையைத் தெரிவுசெய்வதில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். பிளாஸ்டிக் கதிரை கூடவே கூடாது. டைல்ஸ் நிலத்தில் அது வழுக்கும், கால் வளையும். பாரமான மரக் கதிரையை எடுத்துச் சுவரோடு முட்டி வையுங்கள். பதிவான கதிரையானால் மேலே ஒன்றோ இரண்டோ கடினமான தலையணை வைத்து உயர்த்துங்கள். உயரம் கூடக்கூட முழங்காலுக்கு வேலை குறையும். கதிரையின் முன் விளிம்புக்கு வாருங்கள். பாதங்கள் இரண்டும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால், இடுப்பளவு அகலத்தில் இருக்கட்டும். மூக்கு முழங்காலுக்கு மேலே வரும்வரை முன்னால் சாயுங்கள். எம்மவர் தவறுவது இங்கேதான். நிமிர்ந்தபடியே எழும்பப் பார்ப்பார்கள், முடியாமல் பின்னால் விழுவார்கள். சாய்ந்து, குதிகாலை அழுத்தி எழும்புங்கள். முழங்கால்கள் இரண்டும் உள்ளே ஒன்றையொன்று முட்டாமல், பாதத்தின் நேருக்கு இருக்கட்டும்.

உட்காருவதுதான் பாதிப் பயிற்சி. பொத்தென்று விழாமல், மூன்றுவரை எண்ணிக்கொண்டு மெல்ல இறங்குங்கள். இறங்கும்போதுதான் தொடை எரியும். அந்த எரிவு நல்லது. முதலில் கைப்பிடியை ஊன்றி எழும்புங்கள், பிறகு ஒரு கை, பிறகு கையில்லாமல், பிறகு தலையணையை ஒவ்வொன்றாக எடுங்கள்.

எத்தனை தடவை, எப்போது என்று உம்மாவுக்கு நோட்டம் வைக்க முடியவில்லை. பாடசாலையில் நேரசூசி போட்டுப் பழகிய எனக்கு வீட்டில் அது பலிக்கவில்லை. கடைசியில் தொழுகையோடு சேர்த்துவிட்டோம். ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் பிறகு ஐந்து தடவை. நாளைக்கு 25. அவருக்கு மறந்தாலும் பாங்கு ஞாபகப்படுத்துகிறது. நோன்பு காலத்தில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் பிறகு மட்டும் வைத்துக்கொண்டார்.

"தொழுகையே உடற்பயிற்சிதானே, பிறகு ஏன் இது?" என்று என் சக ஆசிரியை ஒருவர் கேட்டார். தொழுகை இபாதத். அதில் உடம்புக்குப் பலன் இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஏற்கனவே பலம் இழந்த காலுக்கு, படிப்படியாகப் பாரத்தைக் கூட்டும் வேலை தனியாகத் தேவை. அதிலும் முழுத் தொழுகையையும் கதிரையிலேயே தொழுபவரின் காலுக்கு அந்த அசைவும் கிடைப்பதில்லை.

தொடை மட்டும் போதாது, இடுப்பும் கெண்டைக்காலும் சேர்ந்து தாங்க வேண்டும். குசினிப் பலகையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் பக்கவாட்டில் மெல்ல விரித்து மடக்குவது, இரு குதிகால்களையும் உயர்த்தி நுனிக்காலில் நிற்பது, இவை சோறு வேகும் நேரத்தில் முடிந்துவிடும். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்து இடுப்பை உயர்த்துவதும் நல்லது. படிப் பயிற்சி கடைசியில்தான். வாசற்படி ஒன்று போதும், பக்கத்தில் பிடிக்க ஏதாவது இருக்க வேண்டும். ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது நோகும் காலை முதலில் இறக்குங்கள்.

படி என்றதும் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனது வகுப்பறை இரண்டாம் மாடியில். போன வருடம் எனக்கும் முழங்கால் நோகத் தொடங்கியது. அதிபரிடம் கேட்டு வகுப்பைக் கீழே மாற்றிக்கொள்ளலாம் என்று கடிதம்கூட எழுதிவிட்டேன். உம்மாவுக்குச் செய்த பிழையை எனக்கும் செய்யப் போகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. கடிதம் இன்னும் கைப்பையில் கிடக்கிறது. கதிரைப் பயிற்சியும் கணுக்கால் பாரமுமாக மூன்று மாதம் செய்தேன். இப்போது நோவு இல்லையென்று சொல்ல மாட்டேன். பரீட்சைக் காலத்தில் நாள் முழுக்க நின்றால் இரவில் தெரியும். ஆனால் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறுகிறேன்.

நிலத்தில் இருந்து எழும்புவது பலரின் பெரிய பயம். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. பக்கத்தில் உறுதியான கதிரையை வைத்துக்கொண்டு, முதலில் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழும் நிலைக்கு வாருங்கள். கைகளைக் கதிரையில் வைத்து, பலமான காலின் பாதத்தை முன்னால் ஊன்றி, கைகளால் அழுத்தி எழும்புங்கள். இறங்குவது இதே வழியில், தலைகீழாக. முழங்கால் படும் இடத்தில் முஸல்லாவுக்குக் கீழே ஒரு தடித்த விரிப்பைப் போட்டால் டைல்ஸின் கடுமை தெரியாது. கால் பலம் கூடிய பிறகு, ஆள் பக்கத்தில் இருக்கும்போதுதான் இதைப் பழக வேண்டும். மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் தமது வைத்தியரைக் கேட்காமல் முழங்காலில் நிற்க வேண்டாம்.

நன்மை என்று நினைத்து நாம் செய்யும் இரண்டு விடயங்களையும் சொல்ல வேண்டும். முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து இரவு முழுக்கத் தூங்குவது சுகமாக இருக்கும். ஆனால் நாளடைவில் கால் அந்த மடிப்பிலேயே இறுகி, நேராக நீட்ட முடியாமல் போய்விடும். உம்மாவுக்கு அதுவும் நடந்தது. மற்றது, பாமசியில் துண்டு இல்லாமல் வாங்கும் டைக்ளோபெனக் போன்ற நோவுக் குளிசைகள். நீரிழிவு, பிரஷர், சிறுநீரக வருத்தம், இரைப்பைப் புண் உள்ளவர்களுக்கு இவை ஆபத்தானவை. எமது வீடுகளில் 60 வயதைத் தாண்டியவர்களில் இந்த நான்கில் ஒன்றாவது இல்லாதவர் யார்? எண்ணெய் தேய்ப்பதில் கெடுதி இல்லை, இதமாக இருக்கும். பலம் மட்டும் அதனால் வராது.

உடல் நிறையைப் பற்றி நீட்டிப் பேசினால் வாசகர்கள் கோபிப்பார்கள். ஒரு கணக்கு மட்டும். ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தால் இருபது. ஆனால் பட்டினி கிடந்து குறைத்தால் தசையும் சேர்ந்து கரையும். சோற்றைக் குறைத்து, பருப்பு, மீன், முட்டையைக் குறைக்காமல் இருப்பதே வழி. கலியாண வீட்டுச் சஹனைப் பற்றி ஒவ்வொருவரும் தத்தமது மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ளட்டும்.

எல்லா முழங்கால் நோவும் தேய்மானம் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. முழங்கால் சூடாகிச் சிவந்து வீங்கி, காய்ச்சலும் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாவிட்டாலும், முழங்கால் பூட்டுப் போட்டதுபோல் இறுகிவிட்டாலும், ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோனாலும் அப்படித்தான். காலையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் மூட்டுகள் விறைத்திருந்தால், கைவிரல் மூட்டுகளும் சேர்ந்து வீங்கினால், அது வேறு வாதநோயாக இருக்கலாம். சிக்குன்குன்யா வந்து போன பிறகும் மூட்டு நோவு மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. நெஞ்சு நோவு, தலைச்சுற்று உள்ளவர்கள், நீரிழிவால் காலில் புண் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் இயன் மருத்துவப் பிரிவு இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள். கிளினிக்கில் வைத்தியரிடம் "பிசியோதெரபிக்கு அனுப்புங்க" என்று நாமாகவே கேட்கலாம். நாங்கள் கேட்காததால் இரண்டு வருடம் போனது.

எங்கள் பெண்களுக்கு ஊரில் ஜிம் இல்லை, கடற்கரையில் நடக்கக் கூச்சம், சூழல் சரியில்லை என்று காரணங்கள் நிறைய. ஒரு மரக் கதிரைக்கும் ஒரு அறைக்கதவுக்கும் அந்தக் காரணங்கள் பொருந்தாது. பிள்ளைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது, கஷ்டமான வேலை. உம்மா எழும்பத் தொடங்கும்போது ஓடிப் போய்ப் பிடிக்காமல், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது. அவர் குசினிக்கு வந்தால் விரட்டாமல், வெங்காயத்தைக் கையில் கொடுப்பது. முதல் மாதம் எனக்கே இது கல்நெஞ்சக்காரத்தனமாகப் பட்டது. பக்கத்து வீட்டு மாமி, "உம்மாவ வேலை வாங்குறாயா?" என்று கேட்டும் விட்டார்.

30 வினாடியில் கையை ஊன்றாமல் எத்தனை தடவை கதிரையிலிருந்து எழும்ப முடிகிறது என்று பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் முதியவர்கள் விழும் அபாயத்தைக் கணிக்க இதைப் பாவிக்கிறார்கள். 70 முதல் 74 வயதுப் பெண்களுக்கு 10 ஐவிடக் குறைந்தால் சராசரிக்குக் கீழ். அதே வயது ஆண்களுக்கு 12. உங்கள் வீட்டில் இன்றே பார்க்கலாம், பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும்.

தொடங்கிய நாளில் உம்மாவின் எண்ணிக்கை பூச்சியம். இரண்டு மாதத்தில் 4. சீனிப் பிரச்சினையால் ஒரு கிழமை வார்ட்டில் இருந்துவிட்டு வந்தபோது திரும்ப 2 ஆனது, ஒரு கிழமைப் படுக்கை இவ்வளவு தின்றுவிடுமா என்று நான் அன்றுதான் கண்டேன். சுஜூதை இப்போதும் கதிரையில்தான் செய்கிறார், நிற்பதையும் ருகூஉவையும் நின்றே செய்கிறார். மலசலகூடக் கதவுக்கு வெளியே நாங்கள் காத்திருப்பதில்லை.

போன வெள்ளிக்கிழமை போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். 9. மூச்சு வாங்கியபடி உட்கார்ந்தவர், "இன்னொண்டு எழும்பியிருப்பன், நீ மணிய சுறுக்கா அடிச்சிட்டாய்" என்று என்னோடு சண்டைக்கு வந்தார்.